அலமாரிக்கு மேல் ஒரு தகடு

வைண்டிங் அக்காவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வாயிலிருந்து வராது, உளியிலிருந்து வரும். எரிந்துபோன மோட்டாரைக் கவிழ்த்துப் போட்டு, கருகிய செப்புச் சுருளை உளி வைத்து வெட்டி எடுப்பதுதான், புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் அவள் தொழிலில் முதல் வேலை. மற்ற நாட்களில் அந்தத் தட்டல் ஒரே சீராக இருக்கும். புருஷனின் அண்ணன் வந்து போன நாளில் தெருமுனை வரைக்கும் கேட்கும். முனையில் பெட்டிக்கடை வைத்திருப்பவர் காதைக் கொடுத்துவிட்டு, "இன்னைக்கு ஷோரூம் வந்திருந்தாரா?" என்பார். வந்திருப்பார்.

ஷோரூம் என்பது ஒரு ஆள். சமையல் மேடைக்குக் கல்லும் தகடும் பலகையும் விற்கிற கடை வைத்திருக்கிறார். 'நம்ம ஷோரூம்ல' என்று தொடங்காமல் அவர் ஒரு வாக்கியம் பேசி நாங்கள் கேட்டதில்லை, அதனால் அதுவே பெயராயிற்று. எந்தப் பரப்பைப் பார்த்தாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். ஒரு துக்க வீட்டில் சவப்பெட்டியைத் தட்டிப் பார்த்து "பிளைவுட்" என்று சொன்னதை எங்கள் தெருவே பார்த்தது.

அவருடைய தம்பிதான் அக்காவின் புருஷன், கம்பெனி வேன் ஓட்டும் டிரைவர். வேன் முன்பெல்லாம் வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில்தான் இரவில் நிற்கும். இனிமேல் கம்பெனிக்குள்ளேயே நிறுத்த வேண்டும் என்று உத்தரவு வந்ததும் ஷெட் காலியானது. அதுவரை கட்டிலுக்கு அடியில் பம்பு மோட்டாரும், துணி அலமாரியில் செப்புக் கம்பி உருளையுமாகக் குடும்பம் நடத்தி, பின்வாசல் படியில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த அக்கா, வேனின் எண்ணெய்க் கறை காய்வதற்குள் ஷெட்டுக்குக் குடி போனாள். தச்சரை வரவழைத்துச் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு அலமாரிகள் அடித்தாள். கம்பிக்கு ஒரு இழுப்பறை, காகிதத்துக்கு ஒன்று, பேரிங்குக்கு ஒன்று. பாக்கி இருந்தது மேல்பரப்பு மட்டும்.

"தடிமனா ஒரு மரப்பலகை. அதுக்கு மேல ரப்பர் ஷீட்டு. அவ்வளவுதான்" என்றாள்.

இதைச் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு போதுமாக இருந்தது. இதைக் கேட்டுக்கொள்ள அந்தக் குடும்பத்துக்கு ஒரு மழைக்காலம் தேவைப்பட்டது.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். ஷோரூம் மனைவியோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். சாப்பிட்ட கையைத் துடைத்ததும், கொண்டு வந்த பையைத் திறந்து, உள்ளங்கை அளவு மாதிரித் துண்டுகளை ஷெட்டுத் தரையில் பரப்பினார். அவர் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து, பழகிப்போன சினிமாவைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது கருங்கல்லு. நம்ம ஷோரூம்ல இதுதான் ராஜா."

"மோட்டார் மூடி வார்ப்பு இரும்பு மாமா. கை தவறி விழுந்தா ஒண்ணு மூடி உடையும், இல்ல கல்லு உடையும். எது உடைஞ்சாலும் பதில் சொல்றது நான்."

"நீ ஏம்மா கை தவற விடறே?"

"எண்ணெய்க் கை மாமா."

"சரி, மைக்கா. பாரு, மரம் மாதிரியே இருக்கும்."

"மரம் மாதிரி இருக்கறதுக்கு மரமே போடலாமே. இது, ஈயம் பத்த வைக்கிற அயர்ன் பட்டா பொங்கிரும்."

ஷோரூம் மிச்சமிருந்த டீயை எடுத்து ஒரு துண்டின் மேல் ஊற்றினார். ஊற்றிவிட்டு எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்து, துண்டைத் தூக்கிக் காட்டினார். அது ஸ்டீல்.

"கறை எங்க? கண்டுபிடி பாப்போம்."

"எனக்கு டீக் கறை பிரச்சினை இல்ல மாமா."

"வேற என்ன பிரச்சினை?"

"கரண்ட்டு."

ஷோரூம் சிரித்தார். தம்பியும் சிரிக்கலாமா என்று அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மேஜைக்கும் கரண்ட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"மோட்டாரைத் திறந்து போட்டு லைன் குடுத்துத்தான் பாப்பேன். உள்ள சுருள் எங்கயாவது உடம்போட ஒட்டியிருந்துச்சுன்னா, மோட்டார் உடம்பு முழுக்கக் கரண்ட் வந்துரும். அடியில மரம் இருந்தா அது மோட்டாரோட நிக்கும். தகடு இருந்தா தகடு முழுக்க வரும். அந்தத் தகட்டுல சாஞ்சுகிட்டு நிக்கறது நான். வெறும் சிமெண்டுத் தரை, மழை பெஞ்சா வேர்க்குது."

"அம்மா, நீ சொல்றது இரும்பு. இது ஸ்டீலு. இரும்புன்னா துருப்பிடிக்கும். இது பிடிக்காது."

"கரண்ட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது மாமா."

வாசற்படியில் இருந்த அவர் மனைவி மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். தும்மல் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

"வேணும்னா ரப்பரை இது மேல விரிச்சுக்கோயேன்" என்றார் ஷோரூம், ஒரு ராஜ்யத்தை விட்டுக்கொடுப்பவர்போல.

"செப்புத் துணுக்கு குத்தி ரப்பர்ல தினமும் ஓட்டை விழும். மரம் அடியில இருந்தா கவலையில்ல, தகடு இருந்தா ஒரு ஓட்டை போதும். அதோட முன்விளிம்பு என் இடுப்புல இடிச்சுட்டே இருக்குமே, அதுக்கு என்ன போடுவீங்க, பாவாடையா?"

டிரைவர் அந்த நேரமெல்லாம் ஒரு கல் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அக்கா அவரைப் பார்த்ததும், "அண்ணன் சொல்றதும் யோசிக்க வேண்டிய விஷயந்தான்" என்றார். "நீ சொல்றதும்தான்" என்று ஒரு வால் சேர்த்தார்.

அன்று சாயங்காலம் உளிச் சத்தம் தெருமுனையைத் தாண்டிப் போனது.

அடுத்து நடந்ததைப் பற்றி ஷோரூமிடம் கேட்டால், 'ஆச்சரியம் குடுக்கலாம்னு நெனச்சேன்' என்பார். அவர் கடையில் ஒரு ஓட்டலுக்காக வெட்டி, அவர்கள் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்ட ஸ்டீல் மேல்தகடு ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. பின்பக்கம் சுவர் மாதிரி ஒரு முழம் எழும்பி நிற்கும் வகை. மாவு மில்லுக்கு மோட்டார் மாட்டிக்கொடுக்க அக்கா காலையிலேயே கிளம்பிப் போன நாளில், ஷோரூம் ஆட்களோடு வந்து அதை அலமாரிகளின் மேல் ஏற்றினார். பின்சுவரில் இருந்த பிளக் பெட்டிகளுக்கு இடம் விட்டு, எழும்பிய தகட்டில் சதுரச் சதுரமாக ஓட்டை வெட்டினார்கள். டிரைவர் கதவைத் திறந்துவிட்டு, ஆட்களுக்கு டீ வாங்கி வந்தார். அந்தச் சமயத்தில் அவர் செய்தது அது மட்டும்தான் என்று பிறகு பலமுறை சொன்னார்.

அக்கா திரும்பி வந்தபோது ஷெட் கண்ணைக் கூச வைத்தது. தகட்டில் அவள் முகம் தெரிந்தது. கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது.

"எப்படி?" என்றார் ஷோரூம்.

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். விளிம்பில் விரலை ஓட்டினாள். ஓட்டிய விரலைப் பார்த்தாள்.

"கம்பிக்கு மேல எனாமல் பூச்சு இருக்கு மாமா, முடி அளவு. இந்த விளிம்புல உரசினா உரிஞ்சு வந்துரும். உரிஞ்சா அந்தச் சுருள் செத்துச்சு."

"உரசாம வேலை செய்யணும்."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"அன்னைக்குக் கேட்டோமே, ஞாயித்துக்கிழமை."

"நான் வேண்டாம்னு சொன்னேன்."

"அதான், கேட்டோமே" என்றார் ஷோரூம். அவரைப் பொறுத்தவரை கேட்பது ஒரு வேலை, பதில் வேறு ஒரு வேலை. முதல் வேலையை அவர் ஒழுங்காக முடித்திருந்தார்.

அக்கா புருஷனைப் பார்த்தாள். "நீங்க வீட்டுலதான இருந்தீங்க?"

"அண்ணன் ஆளுங்களோட வந்துட்டாரு. வாசல்ல வெச்சு என்னத்தைச் சொல்றது?"

"வேண்டாம்னு சொல்றது."

"அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்காங்க."

அக்கா அன்றே தரைக்குப் போனாள். தகட்டின் கீழே அலமாரி முழுக்கச் சாமான்கள் ஒழுங்காக இருக்க, அவள் ஷெட் வாசலில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சாக்கை விரித்து, குத்தவைத்து உட்கார்ந்து வேலை செய்தாள். மோட்டாரின் பள்ளங்களுக்குள் காகிதம் நுழைத்து, சுற்றிய சுருளை மூங்கில் குச்சியால் ஒவ்வொரு கம்பியாக உள்ளே தள்ளி, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றி, பெரிய பல்பின் கீழே காய வைத்தாள். எல்லாம் தெரு பார்க்க. மழை சாய்வாக அடித்தபோது பெட்டியோடு ஓரடி உள்ளே நகர்ந்தாள். மேஜைப் பக்கம் போகவில்லை.

இது ஷோரூமுக்கு அவமானமாகப் போனது. வாடிக்கையாளர்களைக் கூட்டிவந்து, 'நம்ம தம்பி வீட்டுல போட்டிருக்கோம், வந்து பாருங்க' என்று காட்டுவது அவர் திட்டம். காட்டத்தான் செய்தார். அவர்கள் தகட்டையும் பார்த்தார்கள், அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்து உளி தட்டுகிற பெண்ணையும் பார்த்தார்கள். அதில் ஒரு அம்மாள், "மேஜை நல்லாத்தான் இருக்கு. ஆனா இவங்க ஏன் கீழ உட்கார்ந்திருக்காங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"பிடிவாதம்" என்றார் ஷோரூம்.

"மேஜைக்கா?" என்றாள் அந்த அம்மாள்.

அன்று அவர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுப் போய்ப் பேசினார். தம்பி தலையாட்டிய விதம் எங்களுக்கு வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. வேன் ஓட்டுகிறவருக்கு அவ்வளவு தலையாட்டல் ஆகாது.

அந்த வாரத்தில் ஒரு நாள் அக்கா கம்பி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது மழை நின்று தெரு பளபளத்தது. வீட்டுக்குள் நுழைந்தால், ஃபேன் ஓடவில்லை. விளக்கு இல்லை. டிரைவர் கூடத்து நாற்காலியில், வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கரண்ட் போயிருச்சு" என்றார்.

பக்கத்து வீட்டில் டிவி ஓடியது. எதிர்வீட்டில் மாவரைக்கும் சத்தம் கேட்டது.

"நமக்கு மட்டுமா?"

"இருக்கலாம்."

"கையில என்ன?"

"நிலைக்கதவுல இடிச்சுக்கிட்டேன்."

அக்கா ஷெட்டுக்குப் போனாள். ஒரு பம்பு மோட்டார் தகட்டின் மேல் நட்டநடுவில், வயர் சொருகியபடி இருந்தது. யாரோ ரிப்பேருக்குக் கொடுத்தது, இன்னும் திறந்துகூடப் பார்க்காதது. சுவரில், மின்கசிவு கண்டால் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் சேர்த்துத் தானே விழுகிற டிரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. அதை ஷெட்டுக்குக் குடிவந்த அன்றே அவள்தான் மாட்டினாள். 'இது எதுக்கு வீண் செலவு?' என்று அன்றைக்குக் கேட்டவர் இப்போது கூடத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அலமாரியின் ஓரத்தில் வார்னிஷ் டப்பா திறந்திருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். ஒரு குறட்டை எடுத்து உள்ளே விட்டு, வெளியே எடுத்தாள். சொட்டச் சொட்ட அதைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"உங்க போன் எதுக்கு வார்னிஷ் டப்பாவுல கிடக்குது?"

டிரைவர் போனைப் பார்த்தார். அது எப்படி அங்கே போனது என்று அவரும் தெரிந்துகொள்ள விரும்புவதுபோல் பார்த்தார்.

"சொல்லுங்க."

"அண்ணன் ஒரு வீடியோ கேட்டாரு."

"என்ன வீடியோ?"

"மேஜை மேல மோட்டார் ஓடற மாதிரி. ஷோரூம்ல டிவில போடறதுக்கு. அவ செய்யலன்னா நீ செஞ்சு அனுப்புடான்னாரு. ஒரு கையில போன். இன்னொரு கையைச் சும்மா மேஜை மேல ஊணியிருந்தேன். போன் பிடிச்ச கையோட விரலால சுவிட்சைப் போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் உட்கார்ந்திருந்தேன். கீழ."

அக்கா போனை நாளிதழ் மேல் வைத்தாள். அவர் கையை இழுத்து விரித்துப் பார்த்தாள்.  கொஞ்ச நேரம் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு கையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"சுவிட்ச் விழலன்னா நான் வந்து பாக்கும்போது எப்படிக் கிடந்திருப்பீங்க தெரியுமா?"

"விழுந்துச்சே."

"நிலைக்கதவுல இடிச்சேன்னு என்கிட்ட சொல்றீங்க. செத்துப்போற மாதிரி ஒரு காரியம் பண்ணிட்டு, அதை என்கிட்ட மறைக்கிறீங்க. எதுக்கு? உங்க அண்ணன் தகட்டுக்குக் கெட்ட பேர் வந்துரும்னு."

"அப்படியில்ல."

"எப்படி?"

அவர் போனுக்கு அடியில் இருந்த நாளிதழை நேராக்கி வைத்தார்.

"கம்பெனி வேனை ரிவர்ஸ் எடுத்தா ஆயிரம் கேள்வி கேக்கறீங்க. பின்னால யாராவது இருக்காங்களான்னு இறங்கிப் போய்ப் பாக்கறீங்க. நான் அந்த மேஜைல தினம் நிக்கப்போறவ. எனக்காக ஒரு தடவை இறங்கிப் பாக்கலியே நீங்க."

அவ்வளவுதான் பேசினாள். அன்று உளிச் சத்தமே கேட்கவில்லை. பெட்டிக்கடைக்காரர் கடையைப் போட்டுவிட்டு எழுந்துவந்து எங்களிடம், "என்ன, ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டார். அவருக்குக்கூட அந்த அமைதி பிடிக்கவில்லை.

மறுநாள் டிரைவர் வேலைக்குப் போனதும் மாவு மில்காரர் வந்தார். மில்லில் இருந்த இன்னொரு மோட்டார் எரிந்துபோய், அதைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"அக்கா, இன்னைக்குள்ள வேணும். மூட்டை மூட்டையா வாசல்ல நிக்குது. ஜனங்க என்னையே அரைச்சுருவாங்க."

"தரையில உட்கார்ந்து செஞ்சா நாளைக்குத்தான் முடியும். மேஜைன்னா இன்னைக்கு."

"மேஜைதான் இருக்கே" என்று தகட்டைக் காட்டினார் மில்காரர்.

"அது மேஜை இல்ல. மேஜை உள்ள இருக்கு. மோட்டார் வேணும்னா வந்து ஒரு பக்கம் பிடிங்க."

உள்ளே கூடத்தில் இருந்தது சாப்பாட்டு மேஜை. பழைய கெட்டி மரம், கை விரல் கனம். அக்கா அதைக் கவிழ்த்து, கால்களை இணைத்த திருகாணிகளைக் கழற்றி, மேல்பலகையைத் தனியாக்கினாள். பிறகு ஷெட்டில் ஏறி நின்று தகட்டின் திருகாணிகளைக் கழற்றினாள். மில்காரர் தகட்டைத் தூக்கும்போது, "இது என்னக்கா, பிணம் மாதிரி கனக்குது" என்றார். மரப்பலகை அலமாரிகளின் மேல் போனது. நீளம் பத்தவில்லை. மீதிக்குப் பின்கட்டில் சாத்தி வைத்திருந்த பழைய கதவு ஒன்றைப் போட்டாள். மேலே ரப்பர். தகடு வீட்டுக்குள் போய், சாப்பாட்டு மேஜையின் காலில் உட்கார்ந்தது. அதை அக்கா அரைகுறையாக விடவில்லை. நான்கு மூலையிலும் துளை போட்டு முறையாக முடுக்கினாள்.

மில்காரர் அன்று சாயங்காலமே மோட்டாரோடு போனார்.

டிரைவர் இரவு வந்து கூடத்தில் நின்றார். தகடு மேஜையைவிட நீளம். இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு, அடுக்களைக்குப் போகிற வழியைப் பாதி மறித்தது. அவர் பக்கவாட்டில் நகர்ந்து போய்த் தண்ணீர் குடித்தார். பக்கவாட்டில் நகர்ந்தே படுக்கப் போனார். வீட்டில் அதற்குப் பிறகு தேவைக்கு மேல் ஒரு சொல் செலவாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அது வந்தால் ஷோரூமும் வருவார். வந்தார்.

ஓட்டலுக்காகச் செய்த அந்தத் தகட்டின் எழும்பிய பின்சுவர் மேஜையின் ஒரு பக்கம் முழுவதும் வேலிபோல் நின்றது. அதில் பிளக் பெட்டிக்காக வெட்டிய சதுர ஓட்டைகள். வழக்கமாக அவர் உட்காரும் நாற்காலி வேலிக்கு அந்தப் பக்கம் அமைந்துவிட்டது. உட்கார்ந்ததும் அவருக்கு ஒரு ஓட்டை வழியாகக் கோழிக்கறியும், இன்னொரு ஓட்டை வழியாக மனைவியின் முகமும் தெரிந்தன.

"என்னடா இது?" என்றார் தம்பியிடம்.

அக்கா சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள். "உங்க மேஜைதான் மாமா. இடம் மாத்தியிருக்கேன்."

"இது வேலை செய்யற இடத்துக்குப் போட்டது."

"சாப்பிடறதும் வேலைதான்."

"யாரைக் கேட்டு எடுத்தே?"

அக்கா கரண்டியை வைத்தாள். "அங்க யாரு வேலை செய்யறாங்களோ அவங்களைக் கேட்டேன். சரின்னுட்டாங்க."

ஷோரூமின் முகம் ஓட்டைக்குள் சிவந்தது. "டேய். உன் பொண்டாட்டி பேசறதைக் கேட்டுட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கே. நான் என்ன, எனக்கா போட்டுக்கிட்டேன்? உங்களுக்குப் பெருமையா இருக்கட்டும்னு போட்டேன். என்ன கெடுதல் வந்துருச்சு இப்போ?"

டிரைவர் தட்டைப் பார்த்தார். தட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை என்பது இந்தத் தடவை அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"கரண்ட் அடிச்சது அண்ணா."

"என்னது?"

"வீடியோ எடுத்தப்ப. தூக்கி எறிஞ்சிருச்சு. சுவிட்ச் விழுந்ததால உட்கார்ந்து சாப்பிடறேன்."

"என்கிட்ட நீ சொல்லவே இல்ல. போன் கெட்டுப்போச்சுன்னுதான சொன்னே."

"அவகிட்டயும் நிலைக்கதவுன்னு சொன்னேன்." அவர் சோற்றில் விரலை வைத்திருந்தார், பிசையவில்லை. "அவ ஆரம்பத்துலயே சொன்னா. நீயும் கேட்டே, நானும் கேட்டேன். தகடு தப்பு அண்ணா. கதவைத் திறந்துவிட்டேன் பாரு, அது அதைவிடத் தப்பு."

ஷோரூம் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் அதை எடுத்து நிறுத்தவில்லை. "கிளம்பு" என்றார் மனைவியிடம்.

அவர் மனைவி எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஓட்டை வழியாக அவரைப் பார்த்தாள்.

"நீங்க முன்னால போங்க. நான் சாப்பிட்டு வரேன்."

"இந்த மேஜைலயா?"

"நம்ம வீட்டுல வேற என்ன மேஜைல சாப்பிடறோம்? கட்டில் ஒண்ணுதான் பாக்கி, அதுக்கும் அளவு எடுத்தாச்சு." அக்காவிடம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் ரசம் இருந்தா ஊத்து" என்றாள்.

ஷோரூம் போனார். அவருடைய வண்டி முனை திரும்பியது. அவர் மனைவி நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி, தகட்டைத் தானே ஒரு இழுப்பு துடைத்துவிட்டு, பஸ் பிடிக்கப் போனாள். அக்கா சாப்பிடவில்லை. பாத்திரங்களை எடுத்துப் போட்டுவிட்டு நேராக ஷெட்டுக்குப் போய், காத்திருந்த ஒரு மோட்டாரைக் கவிழ்த்தாள். உளி விழ ஆரம்பித்தது. ஷோரூம் போன பிறகும் விழுந்தது, அவர் வீடு போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய நேரத்திலும் அதே வேகத்தில் விழுந்தது. அது அவருக்கானது இல்லை என்று அப்போதுதான் எங்களுக்கும் புரிந்தது, டிரைவருக்கும்.

அவர் கூடத்திலிருந்து வந்தார். ஷெட்டின் வாசலில், மழைத் தண்ணீர் சொட்டுகிற விளிம்புக்குக் கீழே நின்றார். சொந்த வீட்டு ஷெட். அவர் வேனை விட்டு விட்டுப் பழகிய இடம்.

"உள்ள வரலாமா?"

உளி நின்றது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்க அண்ணனைக் கேட்டீங்களா?"

"இல்ல."

அவள் கருகிய சுருளைக் குறட்டால் பிடித்து ஒரே இழுப்பாக உருவி எடுத்து, கீழே வாளியில் போட்டாள்.

"அப்ப வாங்க" என்றாள். "வந்து அந்தப் பக்கம் பிடிங்க. அழுத்திப் பிடிக்கணும், பேசக் கூடாது."